கடல்நீர்த் தொட்டியும் சயின்ஸ் எக்ஸிபிஷனும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

செம்பூர் அம்மா:

போன டிசம்பரில் இங்கே மும்பையில் மகள் பள்ளியில் சயின்ஸ் எக்ஸிபிஷன். எட்டாம் வகுப்பு. எரிமலையும் காற்றாலையும் எல்லாரும் செய்வார்கள், நான் கடல்மீன் தொட்டி வைக்கிறேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். கையில் ஐந்து வாரம்தான் இருந்தது. இரண்டடித் தொட்டி, ஃபில்டர், கடலுப்புக் கலவை, இரண்டு கோமாளி மீன் எல்லாம் வாங்கினோம். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 60 லிட்டருக்கு உப்பே இரண்டு கிலோவுக்கு மேல் போயிற்று. கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "இதை ஊத்திட்டு இன்னைக்கே மீனை விடலாம்" என்றார். விட்டோம். நான்காம் நாள் காலையில் ஒரு மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. பள்ளிக்குக் கிளம்பின குழந்தை ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் படித்தோம். மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8.1, 8.2ஐ ஒட்டி இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியில் செய்வதைவிட இங்கே அதிகக் கெடுதல் செய்யும்.

மிச்சம் இருந்த மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தோம். தொட்டி மட்டும் இருந்தது. மீன் இல்லாமலே இந்த மாற்றத்தை அளந்து காட்டலாமே என்று என் கணவர் சொன்னார். அதற்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்குத் தண்ணீரில் அழுக ஒரு பச்சை இறால் வேண்டும். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. எதிர்வீட்டு மராத்திக் காகூதான் (அத்தை மாதிரி) ஒரு இறாலை வலைத்துணியில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே தொட்டியில் தொங்கவிட்டார். மாமியார் பத்து நாள் ஹாலில் உட்காரவில்லை!

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விடுவாள். அம்மோனியாக் குழாய் முதலில் மஞ்சள், ஒன்பதாம் நாள் கரும்பச்சை. அது இறங்க இறங்க நைட்ரைட் குழாய் வெளிர்நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போனது. அந்தந்த நாளின் நிறத்தை கிரேயானில் சார்ட்டில் தீட்டினாள். 28ஆம் நாள் இரண்டும் பழைய நிறத்துக்கு வந்தன, நைட்ரேட் மட்டும் ஏறி நின்றது. மேஜைக்கு வந்த நடுவர், "மீன் எங்கம்மா?" என்றார். "இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு விடலாம் சார்" என்றாள். அவர் சார்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

உப்பளத்துப் பேரன், சயான்:

அம்மா, அந்தக் கடைசி இரண்டு வரிக்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் பையன் தொட்டியே வைக்கவில்லை. ஐந்து பெப்சி பாட்டிலைத் தலைகீழாக வெட்டி, காற்றுக் குழாய் விட்டு, ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகை) முட்டை பொரிக்க வைத்தான். மீன்குஞ்சுத் தீனியாக டப்பாவில் விற்கிற முட்டைதான். லிட்டருக்கு 10, 20, 35, 70, 100 கிராம் என்று உப்பு. அயோடின் சேர்க்காத கல்லுப்பே போதும் (மீன் வளர்க்க அது போதாது, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வேண்டும்). விளக்கடியில் ஒன்றரை நாள். மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் காட்டினால் பொரிந்ததெல்லாம் ஆரஞ்சு மேகமாக அந்தப் பக்கம் கூடும். முதல் தடவை முட்டையைக் கண் அளவில் கொட்டிவிட்டான், எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. மறுபடி எடை பார்த்துப் போட்டோம். சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்து, கிராஃப் தாள்மேல் கண்ணாடித் தட்டில் விட்டு, கட்டம் கட்டமாக எண்ணினான். 100 கிராம் பாட்டிலில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அவ்வளவு உப்பில் முட்டையால் தண்ணீரை உறிஞ்ச முடியாது.

இதில் சுவாரசியம் என் அப்பா. தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம். ஊரிலிருந்து வந்தவர் ஹைட்ரோமீட்டரை (தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தி பார்க்கும் குழாய்) பார்த்ததும், "எங்க டிகிரிக் குழாய்தானே இது" என்றார். அவர்களுக்கு அளவு பாமே டிகிரி. கடல்நீர் மூன்று, மூன்றரை. பாத்தி பாத்தியாக ஏறி இருபத்தைந்துக்கு வந்தால் உப்பு விழும். இந்தப் பூச்சி உப்பளத்துத் தண்ணீரிலும் இருக்கும் என்று அவர் சொன்னதைப் பேரன் நம்பவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லையாம்! வளர்ந்த பூச்சி கடலைவிடப் பல மடங்கு உப்பிலும் பிழைக்கும், பொரிவதற்குத்தான் நீர்த்த தண்ணீர் வேண்டும். உப்பளத்தில் அது மழைக்குப் பிறகு கிடைக்கும் என்று தாத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாட்டுங்கா டியூஷன் டீச்சர்:

இரண்டு வருஷம் நடுவராகப் போயிருக்கிறேன். ஒரு பையன் தொட்டியில் அழகான பவளத் துண்டு வைத்திருந்தான். எங்கே கிடைத்தது என்றேன், பேச்சே இல்லை. பவளமும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடைக்காரர் தந்தாலும் வாங்காதீர்கள்.

அதே வருஷம் ஒரு பெண் கொண்டுவந்தது இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு ஸ்ட்ரா. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் கடல்நீர், இரண்டிலும் புரோமோதைமால் நீலம் (அமிலம் சேர்ந்தால் மஞ்சளாகும் சாயம்). ஸ்ட்ராவில் ஊதினாள். குழாய்த் தண்ணீர் சட்டென்று மஞ்சளாகிவிட்டது. கடல்நீர் சீக்கிரம் மாறவில்லை, அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் அமிலமாகும்; கடல்நீரில் இருக்கும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் அந்த அமிலத்தை ஓரளவு வாங்கி வைத்துக்கொள்கின்றன. அப்படியிருந்தும் தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேற்பரப்பு பிஎச் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "நாம எவ்வளவு ஊதியிருக்கோம் பாருங்க மிஸ்" என்றாள். அவளுக்குத்தான் என் மார்க்.

தாதர் கடற்கரையில் தண்ணீர் எடுக்கிறவர்கள் ஜூலையில் எடுக்காதீர்கள். மழைத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும். இல்லை, அதையே கேள்வியாக வைத்து ஏப்ரலிலும் ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள்.

செம்பூர் அம்மா:

ஒன்று விட்டுப்போயிற்று. தொட்டியில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். நாங்கள் ஒரு வாரம் உப்புத் தண்ணீரே ஊற்றி ஹைட்ரோமீட்டரை அளவுக்கு மீறி 1.030க்கு ஏற்றிவிட்டோம். உப்பளத்துத் தாத்தா கேட்டால் சிரிப்பார்.