கேப்பர் மலையில் கல் குழாய்கள்: என்ன இது?

கடலூர் கேப்பர் மலையில், மழைநீர் அரித்த செம்மண் ஓடையின் கரையில் குழாய் வடிவக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தன.

விரல் தடிமன், ஒரு சாண் நீளம். வெளிப்புறம் துருப்பிடித்த இரும்பு நிறம். உள்ளே துளை, அதில் வெள்ளை மணல். பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன, சில கிளை பிரிகின்றன. அதுதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது.

முதலில் கல்மரம் (கல்லாக மாறிய பழங்கால மரம்) என்று நினைத்தேன். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரை கல்மரங்களும் இதே ‘கடலூர் மணற்கல்’ பாறை அடுக்கில்தானே கிடைக்கின்றன! ஆனால் அங்கே மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியும். இதில் லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. வினிகர் விட்டால் நுரைக்கவில்லை, ஆக சுண்ணாம்பு இல்லை. காந்தம் ஒட்டவில்லை. டைல்ஸின் பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் தேய்த்தால் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு விழுகிறது, லிமோனைட் என்ற இரும்புத் தாது போல. மின்னல் தாக்கி மணல் உருகிய குழாயோ என்றும் பார்த்தேன். உட்புறம் கண்ணாடி போல இல்லை.

உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை மட்டுமே எடுத்து வந்தேன், மற்றவை அங்கேயே இருக்கட்டும்.

கடலூர் மணற்கல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது பழைய மரவேரைச் சுற்றி இரும்பு படிந்து உருவானதா, மண்ணுக்குள் வாழ்ந்த உயிரினத்தின் வளையா?