எடை பார்க்காமல் மருந்தளவு கணக்கிடுவதை எப்படிக் குறைப்பது? குழந்தைகள் வார்டில் ஒரு தர மேம்பாட்டுப் பணி

கேள்வி: முதுகலை மாணவி, நாகர்கோவில்

மூத்த சிஸ்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். குழந்தைகள் நலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோயாளி பாதுகாப்பு தொடர்பாக ஒவ்வொருவரும் வார்டில் ஒரு தர மேம்பாட்டுப் பணி செய்ய வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலோர் செவிலியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுத்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியதைக் காட்டப் போகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

காரணம், பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் நான் பார்த்த ஒரு நிகழ்வு. குளச்சல் பக்கத்திலிருந்து இரவில் காய்ச்சலோடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் எடையைத் தாயிடம் கேட்டார்கள். "பத்து இருக்கும்" என்று அவர் சொன்னதே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. காலையில் நிறுத்தபோது 7.8 கிலோதான். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 117 மி.கி. பாராசிட்டமால் பெற வேண்டிய குழந்தை, ஒவ்வொரு வேளையும் 150 மி.கி. பெற்றிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே எடையை வைத்து, அளவு கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் ஜென்டாமைசின் ஊசி போட்டிருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

இதை ஆய்வாகச் செய்வதா, தர மேம்பாடாகச் செய்வதா? எத்தனை குழந்தைகளை எடுக்க வேண்டும்? குறை கண்டுபிடிக்க வந்தவள் என்று வார்டு சிஸ்டர்கள் நினைக்காமல் எப்படித் தொடங்குவது?

பதில் 1: செவிலியக் கல்லூரி ஆசிரியை, குலசேகரம்

நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். எடை பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது தெரியாத செவிலியர் அந்த வார்டில் ஒருவரும் இருக்க மாட்டார் என்பதால், வகுப்பு எடுத்து இது மாறப்போவதில்லை. தெரிந்தும் ஏன் நடக்கவில்லை என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

ஆய்வு பொதுவான ஓர் உண்மையைத் தேடுகிறது. தர மேம்பாடு இந்த வார்டில் இந்த மாதத்தில் ஒன்றை மாற்றிப் பார்க்கிறது. அதனால் மாதிரி அளவுச் சூத்திரம் உங்களுக்குத் தேவையில்லை. நாள்தோறும் புதிதாகச் சேரும் குழந்தைகளின் கேஸ் ஷீட்டில், முதல் டோசுக்கு முன் நிறுத்து எழுதிய எடை இருக்கிறதா என்பதை மட்டும் எண்ணி, வாரந்தோறும் விழுக்காடாக ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். இடைநிலைக் கோட்டுக்கு (புள்ளிகளைப் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கும் கோடு) மேலே தொடர்ந்து ஆறு புள்ளிகள் விழுந்தால், அது தற்செயல் அல்ல என்று கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கிய தர மேம்பாட்டுக் கையேடும் இதையே நான்கு படிகளாகச் சொல்கிறது: குழு அமைத்து இலக்கை எழுதுதல், காரணத்தை ஆராய்ந்து அளத்தல், சிறு மாற்றத்தைச் சோதித்தல், பலன் தந்ததை நிலைநிறுத்துதல். கல்லூரி நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்; பிறகு அலைய வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் கூடவே அளக்க வேண்டும். எடைக்காகக் காத்திருந்து முதல் டோஸ் தாமதமாகிறதா என்று பாருங்கள். வலிப்போடு வரும் குழந்தையைத் தராசில் கிடத்திக்கொண்டிருக்க முடியாது. அங்கே உயரத்தை அளந்து எடையை மதிப்பிடும் நாடாவைப் பயன்படுத்தி, "உத்தேசம்" என்று பக்கத்தில் எழுதிவிட்டு, நிலைமை சீரானதும் நிறுக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன நிகழ்வில் மருந்தளவு மட்டும் தவறவில்லை. ஒன்றரை வயதில் 7.8 கிலோ என்பது தெளிவான எடைக்குறைவு. பத்து என்று எழுதிய கணமே அந்த ஊட்டச்சத்துக் குறைபாடும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. என்னைக் கேட்டால், அதுதான் பெரிய பிழை.

பதில் 2: ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர், தக்கலை

மக்களே, முதலில் ஓர் இரவு அங்கே உட்கார்ந்து தராசு எங்கே இருக்கிறது என்று பார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் குழந்தைத் தராசு வெளிநோயாளிப் பிரிவு அறைக்குள் இருந்தது. மாலையானதும் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார்கள். இரவில் வந்த குழந்தைகளுக்கெல்லாம் தாய் சொன்னதுதான் எடை. அதற்குச் செவிலியரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நிறுக்கும் விதத்தையும் கவனி. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஈரத் துவர்த்தில் (துண்டில்) சுற்றிக் கொண்டுவரும் பிள்ளையை அப்படியே தராசில் வைத்தால், துவர்த்துக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பாய். உடுப்பையும் டயப்பரையும் கழற்று. கையில் கேனுலாவுக்கு (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) அட்டை கட்டியிருந்தால், அதே போன்ற அட்டையைத் தனியே நிறுத்துக் கழித்துவிடு.

பதில் 3: தனியார் மருத்துவமனைத் தரப்பிரிவுச் செவிலியர், மார்த்தாண்டம்

சிஸ்டர் சொன்ன சாவிக் கதை எங்கள் ஊரிலும் உண்டு. எடை சரியாக இருந்தாலும் கணக்கு தவறலாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும். "5 மி.லி. கொடு" என்று வாயால் சொன்னதை, சொட்டு மருந்து பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால் 500 மி.கி. போய்விடும். ஆகவே மி.கி., மி.லி. இரண்டையும் எழுத வேண்டும். அரை என்றால் 0.5 என்று எழுத வேண்டும், புள்ளிக்கு முன் சுழியம் இல்லாமல் எழுதக் கூடாது.

இரண்டாவது செவிலியர் சரிபார்ப்பது என்றால், முதல் செவிலியரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போடுவதுதான். விடையைக் காட்டி வாங்கும் கையெழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் அந்தக் கையெழுத்தும் பெரும்பாலும் காலையில்தான் விழுகிறது. அங்கெல்லாம் அடிக்கடி போடும் ஐந்தாறு மருந்துகளுக்கு, அரை கிலோ இடைவெளியில் முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணையை மருந்து மேசைக்கு மேல் ஒட்டுவது மேல்.

வார்டு சிஸ்டர்களின் அச்சம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெமோ வாங்கிய அனுபவம் இருப்பவர்கள் எதையும் எழுதித் தர மாட்டார்கள். நீங்கள் எண்ணும் தாளில் செவிலியர் பெயருக்கு இடமே வைக்காதீர்கள்; ஷிப்ட் மட்டும் போதும். இன்சார்ஜ் சிஸ்டரையே குழுத் தலைவராக்கி, வரைபடத்தை அவர் கையால் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர், சில வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. எங்கள் வார்டில் பூட்டு இல்லை. தராசு ஸ்டோர் அறையில் ஐ.வி. திரவப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் அதைச் சேர்க்கை மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் இரண்டு வாரம் புள்ளிகள் ஏறின. மூன்றாவது வாரம் இரவு ஷிப்டில் மட்டும் சடாரென்று விழுந்தது. விசாரித்தால், தராசின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. இரவில் புதியது எடுத்துத் தர ஆள் இல்லை. இப்போது இரண்டு மாற்று பேட்டரிகளைத் தராசின் அடியிலேயே பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கிறோம்.