செமாக்ளூடைட் மாத்திரைக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

கேள்வி: சர்க்கரை நோய்க்கான இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், 120 மி.லி.க்கு மேல் தண்ணீர் கூடாது என்பது ஏன்? 14 மி.கி.க்குப் பதில் 7 மி.கி. இரண்டு போடலாமா?

பதில் 1: இந்த மருந்து குடலில் அல்ல, இரைப்பையிலேயே உறிஞ்சப்படுகிறது. ஒவ்வொரு மாத்திரையிலும் உறிஞ்சலுக்கு உதவும் சால்கேப்ரோசேட் சோடியம் 300 மி.கி. உண்டு. மாத்திரை கரையும் இடத்தில் மட்டும் அது அமிலத்தைத் தணித்து, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியிடமிருந்து செமாக்ளூடைடைக் (இது புரதம் போன்ற ஒரு பெப்டைடு) காத்து, செல் சவ்வைக் கடக்கவைக்கிறது. தண்ணீர் கூடினால் அது நீர்த்துப்போய் உறிஞ்சல் குறையும்.

பதில் 2: இரண்டு 7 வேண்டவே வேண்டாம். சால்கேப்ரோசேட் 600 மி.கி. ஆகிவிடும். உடைக்கவோ மெல்லவோ கூடாது.

பதில் 3: சரியாக விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் நாளுக்கு நாள் மாறும். அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால்தான் அந்த ஏற்ற இறக்கம் சமன்படுகிறது. காபி, பிற மாத்திரைகள் எல்லாம் 30 நிமிடம் கழித்தே. தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் எடுப்பவர்கள் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள், தைராக்சின் அளவு ரத்தத்தில் கூடும்.