மைனி போட்ட கையெழுத்து

முக்கூடல்காரி:
எங்க மைனிக்குச் சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போனது. இரண்டாவது உண்டாகி 14 வாரம். இதைச் சுமந்தால் உங்க உயிருக்கே ஆபத்து, கலைத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் பெரியவர்கள் பாவம், பாவம் என்று ஒரே பிடி. மூத்தவனை நினைத்து மைனி சரி என்று கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியிலோ (பெயர் வேண்டாம்) புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள், அண்ணன் சவுதியில், இப்படியே 6 நாள் போனது. அதில் ஒரு ராத்திரிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார், மடியில் தலையணை, பக்கத்தில் பாதி சுற்றின பீடித்தட்டு. விடிகிற நேரம் என் கையைப் பிடித்து, "ஏட்டி, நான் செய்யப்போறது கொலையா?" என்று கேட்டார். முதுகைத் தடவிக்கொடுத்தேனே தவிர எனக்கு வாய் வரவில்லை.

அம்பை அண்ணாச்சி:
ஆபத்து என்றதும் கலைக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம் பிரஷர் ஏறி, கை வீங்கி, வளைகாப்பு வளையலைக் கழற்ற முடியாமல் நர்ஸம்மா ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கே ஆபரேஷன். ஒன்றேகால் கிலோவில் பிறந்தவள் இப்போது நாலாம் வகுப்பு. அவள் முகத்தைப் பார்த்தபிறகு கருவும் ஓர் உயிர்தான் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்காசி அக்கா:
அண்ணாச்சி, உங்க மக நல்லா இருக்கட்டும். ஆனால் ஏழாம் மாசம் எடுத்த பிள்ளை பிழைக்கும், 14 வாரத்தில் எந்தப் பெட்டியில் வைத்தாலும் பிழைக்காது. கர்ப்பத்தில் ரத்தம் கிட்டத்தட்டப் பாதிப் பங்கு கூடுகிறது, சுருங்கின வால்வு அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும், அந்த மைனி படுக்க முடியாமல் உட்கார்ந்தது அதனால்தான். தாய் போனால் கருவும் கூடத்தான் போகும், அப்புறம் எந்த உயிரைக் காப்பாற்றினதாகக் கணக்கு? இன்னொன்று, எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ளுங்கள். 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது ஆனவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்துப் போதும், சில காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் வாரக் கணக்கே கிடையாது. ஸ்கேன் பார்க்காமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். என் தங்கச்சி அப்படித்தான் போட்டாள், கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் இருந்தது, மாத்திரைக்கு அது கலையாது. குழாய் வெடித்து ஆட்டோவில் தூக்கிப்போகும்போது அவள் உதடு வெள்ளைத்துணி மாதிரி இருந்தது.

முக்கூடல்காரி:
அவர் கையெழுத்தே போதும் என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே அக்கா. அப்புறம் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இப்போது மைனி நன்றாகப் படுத்துத் தூங்குகிறார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.