ஓய்வுக்கு முன் டாப்-அப் எடுத்தால் போதுமா?

கேள்வி: வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. ஆபீஸ் குரூப் மருத்துவக் காப்பீட்டு பாலிசி 5 லட்சம். 60-ல் ஓய்வோடு அதுவும் போய்விடும். மேலே 15 லட்சத்துக்கு டாப்-அப் (குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவை மட்டும் தரும் கூடுதல் பாலிசி) மட்டும் எடுத்தால் போதுமா?

பதில் 1: டாப்-அப் வேண்டாம் சார், சூப்பர் டாப்-அப் பாருங்க. டிடக்டிபிள் (டாப்-அப் தரத் தொடங்கும் முன் நாமோ வேறு பாலிசியோ கட்டவேண்டிய தொகை) 5 லட்சம். ஒரே வருஷத்தில் 4 லட்சம், 3 லட்சம்னு இரண்டு பில் வருதுன்னு வைங்க. சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாப் பார்க்கும். எதுவும் 5-ஐத் தாண்டலை, பைசா வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டும். மிச்சம் 2 லட்சம் வரும்.

பதில் 2: சரி, குரூப் பாலிசி போனபிறகு அந்த முதல் 5 லட்சம் யார் கட்டுறது? உங்க கைக்காசுதான். தனி அடிப்படை பாலிசியும் இப்பவே போடுங்க. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (அந்த நோய்க்கு க்ளைம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் 36 மாதம். 60-ல் எடுத்தால் 63 வரை இழுக்கும். படிவத்தில் சர்க்கரையை மறைக்காதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் '10 வருஷமாக சர்க்கரை' என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் க்ளைம் அங்கேயே நிற்கும்.

பதில் 3: ரூம் வாடகை வரம்பையும் பாருங்க. வரம்பு 5,000, எடுத்த ரூம் 10,000 என்றால் ரூம் வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்திலும் பாதிதான் கம்பெனி தரும் (மருந்துக்கு இது பொருந்தாது). மூத்த குடிமக்கள் பாலிசி என்றால் கோ-பே (ஒவ்வொரு க்ளைமிலும் நாம கட்டவேண்டிய பங்கு) எத்தனை சதவீதம்னு முதல்ல கேளுங்க, பிரீமியம் அப்புறம்.