டேப்பெட் கவர் பேக்கிங் மாத்தியும் மறுபடி ஆயில் கசிவு, கூடவே கார்பன். இன்ஜினை இறக்கணுமா?

பழசேபோதும்:
வணக்கம். 20 வயசு தாண்டின பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (இன்டேக் வழியில பெட்ரோல் தெளிக்கிற வகை). டேப்பெட் கவர் (இன்ஜின் தலையை மேல மூடுற மூடி) ஓரத்துல ஆயில் வேர்க்குதேன்னு பேக்கிங் மாத்தினேன். கொஞ்ச நாள் காய்ஞ்சு கிடந்துச்சு, இப்போ அதே இடத்துல மறுபடி ஈரம். கிராங்க் புல்லி பக்கமும் லேசா நனைஞ்சிருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் நீலப்புகை ஒரு தடவை வந்து அடங்கிடுது. ஏத்தத்துல பெரிய கியர்ல இழுத்தா இன்ஜின் தட்டுது. பிளக்கெல்லாம் கருப்பு, ரெண்டாவது மட்டும் ஈரம். மெக்கானிக் இன்ஜினை இறக்கிடலாம்னு சொல்றார். அதுக்கு முன்னாடி நானே பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

சும்மாசொல்றேன்:
20W-50 மாதிரி கெட்டியான ஆயில் ஊத்துங்க, கூடவே லீக் நிறுத்துற அடிட்டிவ் ஒண்ணு. கசிவு நின்னுடும். பழைய வண்டிக்கு இதுக்கு மேல செலவு பண்றது வீண்.

12-13ஸ்பானர்:
மேல சொன்ன அடிட்டிவ் ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். காஞ்சு கல்லா இறுகின சீல் அதால திரும்ப உயிர் பெறாது. கெட்டி ஆயிலும் கசிவை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

பழசேபோதும் சார், இறக்குற பேச்சை இப்போதைக்கு விடுங்க. முதல்ல பிசிவி வால்வைப் பாருங்க, இன்ஜின் உள்ள சேருற வாயுவை வெளியேத்துற வால்வு அது. கசிவுக்காக வண்டியைக் கொண்டுவர்றவங்க யாரும் அதைப் பத்திக் கேட்கிறதே இல்லை, எல்லாருக்கும் பேக்கிங்தான் குற்றவாளி.

பிஸ்டன் ரிங் நல்லா இருந்தாலும் எரிஞ்ச வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழ இறங்கத்தான் செய்யும். அதை இன்டேக் பக்கம் இழுத்து எரிய விடுறதுதான் பிசிவி வேலை. அந்த வழி அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி, எந்தச் சீல் சோர்ந்திருக்கோ அது வழியா ஆயிலை வெளிய தள்ளும். புது பேக்கிங்கும் அதுக்குத் தாங்காது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கிட்டா கதை தலைகீழ்: ஆயில் ஆவி அளவுக்கு மேல இன்டேக்குக்குப் போய் கார்பனா படியும். அதனாலதான் கசிவையும் கார்பனையும் நான் தனித்தனி வியாதியா பார்க்கிறதில்லை.

இன்ஜின் சூடானதும் ஐடில்ல விட்டு, ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, அந்த வாய் மேல ஒரு மெல்லிசு காகிதத்தை வைங்க. லேசா உள்ள இழுத்து ஒட்டணும். தூக்கிக்கிட்டுப் பறந்தா ஒண்ணு வழி அடைச்சிருக்கணும், அல்லது ரிங் தேஞ்சிருக்கணும். அப்புறம் பிசிவி வால்வைக் கழட்டி ஆட்டிப் பாருங்க, உள்ள கலகலன்னு சத்தம் வரணும். சில வண்டியில வால்வே இருக்காது, வெறும் சின்ன ஓட்டைதான். அதுல சத்தத்தை எதிர்பார்க்காதீங்க, ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. ஹோஸை விட்டுடாதீங்க. வெளிய பளபளன்னு இருக்கும், வளைவுல உள்ள பிசுக்கு கட்டிப் பென்சில்கூட நுழையாது.

காலையில மட்டும் நீலப்புகைன்னா வால்வ் சீல்தான் (பிசிவி இல்லை, ஹெட்ல இருக்குற இன்ஜின் வால்வோட சீல்) முதல் சந்தேகம். ராத்திரி முழுக்க ஆயில் அந்த வால்வோட தண்டு வழியா சொட்டி இறங்கியிருக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது விடாம புகைஞ்சாத்தான் ரிங் பக்கம் போகணும்.

ரெண்டாவது பிளக்ல ஈரம் எங்கே? வெள்ளைப் பீங்கான்லயா, நுனியிலயா?

பழசேபோதும்:
காகிதம் நேரா மூஞ்சியில வந்து அடிச்சுது! வால்வை ஆட்டினா கல் மாதிரி சத்தமே இல்லை. ஹோஸ் வளைவுல கருப்பு களிம்பு. வால்வும் ஹோஸும் புதுசு போட்டதும் காகிதம் வாயில ஒட்டிக்கிச்சு. பிளக்ல ஈரம் பீங்கான்லதான், நுனி காய்ஞ்சிருக்கு.

12-13ஸ்பானர்:
நல்ல சேதி. காகிதம் ஒட்டுதுன்னா ரிங் பெருசா மோசமில்லை. பீங்கான் ஈரம்னா ஆயில் மேலிருந்து பிளக் குழிக்குள்ள இறங்குது, அந்தக் குழியைச் சுத்தி இருக்குற சீல் போயிடுச்சு. டேப்பெட் கவர் பேக்கிங்கோட அதையும் சேர்த்தே மாத்தியிருக்கணும், நிறையப் பேர் வெளி ஓரத்தை மட்டும் மாத்திட்டு மூடிடுவாங்க.

திரும்ப மூடும்போது ரெண்டு பக்கமும் பழைய பசை ஒரு துளி இல்லாம துடைங்க. சிலிக்கான் முழு ஓரத்துக்கும் வேண்டாம். ஹெட்டும் டைமிங் கவரும் சேருற மூலையில ஒரு பொட்டு போதும். அதிகமாப் போட்டா உள்பக்கம் பிதுங்கி, துண்டா உடைஞ்சு சம்ப் ஸ்ட்ரெய்னர்ல (அடியில ஆயிலை உறிஞ்சுற இடத்து வடிகட்டி) போய் உட்காரும். போல்ட்டை நடுவுல இருந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. நிறைய வண்டிகள்ல 10 நியூட்டன் மீட்டர் சுமார்தான் வரும், உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுவே சட்டம். ஒழுகுதேன்னு இன்னும் ஒரு சுத்து இறுக்கினா கவர் கோணிடும்.

ராத்திரிஷிப்ட்:
இடையில ஒண்ணு. எக்சாஸ்ட் மேனிஃபோல்டு மேல சொட்டுதான்னு பாருங்க. கருகின வாடை வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, தீப்பிடிக்கிற சமாச்சாரம். இன்ஜினை நல்லா கழுவித் துடைச்சுட்டு ஓட்டினா புதுசா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும். ஆயில் கீழ வழிஞ்சு காத்துல பின்னாடி பரவும், அதனால இருக்குறதுலயே உயரமான, முன்பக்க ஈரம்தான் நிஜமான இடம்.

பழசேபோதும்:
நன்றி. இன்ஜின் தட்டுறதுக்கு ஃப்ளஷ் போட்டு கார்பனைக் கழுவலாமா?

12-13ஸ்பானர்:
ஃப்ளஷ் ஆயில் பக்கம் சுத்துறது, எரியிற அறைக்குள்ள அதுக்கு வேலையே இல்லை. பழைய இன்ஜின்ல மொத்த அழுக்கையும் ஒரே நேரத்துல கிளப்பி ஸ்ட்ரெய்னரை அடைக்கும், ஆயில் லாம்ப் எரியும். அதுக்குப் பதிலா அடுத்த ஆயில் மாத்துற தூரத்தைப் பாதியாக்குங்க, அழுக்கு மெதுவா வெளியேறட்டும்.

தட்டுறதுக்குக் காரணம் பிஸ்டன் தலையில படிஞ்ச கார்பனா இருக்கலாம். அது இடத்தை அடைச்சு கம்ப்ரஷனை ஏத்திடும், கங்கு மாதிரி சூடாகி ஸ்பார்க்குக்கு முன்னாடியே பத்த வைக்கும். ஆனா இக்னிஷன் டைமிங்கையும் பார்த்துடுங்க. பாலிஈதர்அமின் (கார்பனைக் கழுவுற ரசாயனம்) உள்ள ஃப்யூயல் கிளீனரை, டப்பாவுல சொன்ன அளவுல, டேங்க் நிறைய பெட்ரோலோட விட்டு நெடுஞ்சாலையில கொஞ்சம் தூரம் ஓட்டுங்க. உங்களது எம்பிஎஃப்ஐ, அதனால அந்த பெட்ரோல் இன்டேக் வால்வையும் நனைச்சுக் கழுவும். பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்கிற நேரடி இன்ஜெக்ஷன் வண்டியில அந்த வசதி இல்லை, அங்க வால்வை வால்நட் ஓட்டுத் தூள் அடிச்சுத்தான் சுத்தம் பண்றாங்க. டேங்க் காலியானதும் ஆயிலையும் மாத்திடுங்க.

அதுக்கும் அடங்கலைன்னா பிளக் ஓட்டை வழியா கரைப்பானை ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடுற முறை இருக்கு. செஞ்சா, பிளக் போடுறதுக்கு முன்னாடி ஃப்யூயலையும் இக்னிஷனையும் துண்டிச்சு, ஓட்டையைத் துணியால மூடி கிராங்க் பண்ணுங்க. திரவம் உள்ளேயே நின்னுட்டா பிஸ்டன் அதை நசுக்க முடியாம கனெக்டிங் ராட் வளைஞ்சிடும்.

இனி கிராங்க் புல்லி ஈரம். உங்க வண்டியில டைமிங் பெல்ட்டா, செயினா?

பழசேபோதும்:
பெல்ட்.

12-13ஸ்பானர்:
அப்போ தள்ளிப்போடாதீங்க. ஆயில்ல ஊறின பெல்ட் பல் உதிரும், பல இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வ் பிஸ்டன்ல மோதும். முன்பக்க சீலோட பெல்ட்டையும் சேர்த்தே மாத்துங்க. பழைய சீலைக் கழட்டினதும் கிராங்க் தண்டை நகத்தால தடவிப் பாருங்க. சீலோட உதடு (தண்டைத் தொடுற ரப்பர் ஓரம்) ஓடின இடத்துல பள்ளம் தட்டினா, இடமிருந்தா புது சீலை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் உள்ள தள்ளி அடிங்க, உதடு தேயாத இடத்துல உட்காரும்.