மூத்தோர் ஆன்லைன் குழு: பேசுவது நாலு பேர்தான், மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

கேள்வி (குழு_அமைப்பாளர்):
60 தாண்டியவர்கள் மனம்விட்டுப் பேசத் தங்களுக்குள்ளேயே நடத்தும் ஜூம் குழு. 18 பேர், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். பேசுவது அதே நாலு பேர்தான். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு இருக்கிறார்கள், பிறகு வருவதே இல்லை. இன்னொன்று: யாராவது "வாழவே பிடிக்கலை" என்றால் நடத்துபவர் என்ன செய்வது?

முல்லை:
18 பேர் என்றால் அது கூட்டம், குழு அல்ல. செல்போன் திரையில் முகமே தெரியாது. ஆறிலிருந்து எட்டுப் பேராகப் பிரியுங்கள். ஒரு மணி நேரம் போதும். நடத்த இருவர் வேண்டும்: ஒருவர் பேச்சைக் கவனிக்க, மற்றவர் இணைப்பு அறுந்தவருக்குப் போன் போட. முதல் சுற்றில் பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம். விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லி விலகலாம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். "இந்த வாரம் தூக்கம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒலிக்காரன்:
மௌனமாக இருப்பவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். குரல் கேட்கும், ச, த போன்ற எழுத்துகள் குழம்பி வார்த்தை பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். ஸ்பீக்கரை விட்டு ஹெட்செட் போடச் சொல்லுங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும், உதடசைவு உதவும். கணவன் மனைவி ஒரே அறையில் இரண்டு போன் வைத்தால் எதிரொலிதான், ஒன்றே போதும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் ரொம்பக் கொடுமை.

தோழமை:
இரண்டாவது கேள்விக்கு: பேச்சை மாற்றாதீர்கள், "தைரியமா இருங்க" என்று மூடவும் வேண்டாம். துணை நடத்துநர் அவரை ஜூமிலேயே உள்ள தனி அறைக்கு (breakout room) அழைத்து, "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வழி யோசித்து வைத்திருக்கிறார், கைக்கெட்டும் தூரத்தில் பொருளும் இருக்கிறது என்றால் இணைப்பைத் துண்டிக்கவே கூடாது. அவருடன் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் குடும்பத்தையும் அவசர உதவியையும் அழைக்க வேண்டும். முகவரியும் ஒரு உறவினர் எண்ணும் சேரும்போதே வாங்கியிருந்தால்தான் இது நடக்கும். "இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போகும்" என்றும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதியோரில் பலர் சோகம் என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு வலி, பசியின்மை, மறதி என்றுதான் வரும். அது தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாத்திரையைக் கூட்டு, குறை என்ற ஆலோசனை குழுவில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

குழு_அமைப்பாளர்:
வராமல் போனவர்களை?

முல்லை:
ஒரு வாரம் வராவிட்டால் மறுநாளே போன். "ஏன் வரலை?" வேண்டாம், "உங்களைத் தேடினோம்" போதும்.